ஊமைப் பள்ளத்தின் கலங்கல் மண்

போன வாரம் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசி முடித்து, தேநீர் குடித்து, உங்கள் வேலை அறையைச் சுற்றிப் பார்த்தேன். நுண்ணோக்கிகள் புதியவை, விளக்குகள் புதியவை, கதிரைகள்கூடச் சுழல்கின்றன. சந்தோஷமாக இருந்தது. கடைசியில் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தேன். பழைய வழக்கம், விடமாட்டேன் என்கிறது. அதற்குள் ஒரு சாண் நீளத்துக்குச் சேற்று மண் கிடந்தது. கேட்டதற்கு உங்களில் ஒருவர், "அது கலங்கிப்போன துண்டு ஐயா, குழாய் இறக்கும்போது பழுதாகிவிட்டது" என்றார்.

அன்று நான் பேசியிருக்க வேண்டிய பேச்சைப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மழை பற்றியும் பொறுமை பற்றியும் ஏதேதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கூடைதான் கண்ணுக்குள் நின்றது. ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது நம் தொழிலுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. கண்டியில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறை, ஓர் அலுமாரி, கொஞ்சம் இரும்புக் குழாய். ஆபீஸைக் கந்தோர் என்கிற காலம்; சந்தைப் பக்கம் எங்களைச் "சேற்றுக் கந்தோர்காரர்" என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

வேலை இதுதான். கோப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டுவதற்கு முன்பு, இந்த மலைகளில் யானையும் மானும் எருமையும் எவ்வளவு இருந்தன, எப்போது பெருகின, எப்போது அருகின என்று கண்டறிய வேண்டும். யானை குறைந்ததற்கு மழை குறைந்ததுதான் காரணம் என்று வேட்டைக்காரத் துரைமார் சாதித்தார்கள். துப்பாக்கிதான் காரணம் என்று வேறு சிலர் சாதித்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் யானையை எண்ணி வைக்கவில்லை. சேறு மட்டும்தான் எண்ணி வைத்திருந்தது.

சதுப்பான பள்ளங்களில் ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு படை மண்ணைக் கொண்டுவந்து போடும். நல்ல மழையென்றால் கறுப்பான நயமான சேறு. வறட்சியென்றால் வெளிறிய, மணல் கலந்த மெல்லிய படை. குழாயை இறக்கித் தூக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஒவ்வொரு படையையும் கழுவிச் சலித்தால் சாணி வண்டுகளின் சிறகோடுகள் கிடைக்கும். பெரிய மிருகம் நிறைய நடமாடினால் சாணம் நிறைய, சாணம் நிறைய இருந்தால் வண்டும் நிறைய. மழையையும் மிருகத்தையும் ஒரே குழாயில் படித்துவிடலாம் என்று நாங்கள் நம்பினோம்.

சில சமயம் படைகளுக்கு நடுவில் ஓர் இலை இருக்கும். மண்ணைப் பிளந்தவுடன் அது பச்சையாக இருக்கும். நேற்று மரத்திலிருந்து விழுந்த பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பழுப்பாகும், பழுப்பு உள்ளே நகரும், நடு நரம்பு கறுக்கும், அவ்வளவுதான். காற்றுப் படாமல் கிடந்த இலை காற்றுப் பட்டதும் கறுக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன் நடக்க வேண்டிய சாவு என் உள்ளங்கையில் நடந்து முடிந்தது போலிருந்தது.

இனி ஊமைப் பள்ளத்துக்கு வருகிறேன். குண்டசாலைக்குக் கிழக்கே, கண்டி மலைகளைவிடத் தாழ்ந்த, வெக்கையான இடத்தில் ஒரு கொக்கோத் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் கடைசியில் அந்தப் பள்ளம். மூன்று பக்கமும் மேடு, நாலாவது பக்கம் ஆற்றை நோக்கி இறங்கும் காடு. அங்கே நின்று கூப்பிட்டால் எதிரொலி வராது. இந்தக் கரையில் நின்று நான் கத்தினால் அந்தக் கரையில் இருப்பவருக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். சத்தத்தைச் சேறு குடித்துவிடுகிறது என்று தோட்டத்து ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான். பட்டப்பகலிலும் அங்கே தனியாக நிற்க எனக்குப் பிடிக்காது.

அந்தப் பக்கத்தில் அப்போது உயிரோடிருந்த யாரும் காட்டு யானையைக் கண்டதில்லை. கண்டிப் பெரஹர ஊர்வலத்தில் சங்கிலியோடு நடக்கும் யானைதான் அவர்களுக்குத் தெரிந்த யானை.

எங்கள் மேலதிகாரியின் பெயரைச் சொல்லமாட்டேன். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். சேர் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வெளேரென்ற கால்சட்டையோடு சேற்றுப் பக்கம் வருவார், ஒரு பொட்டுக் கறை இல்லாமல் திரும்பிப் போவார். அது எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. குழாய் திருகுபவர் முத்தையா. என்னைவிட மூத்தவர், மூக்கின்மேல் கோபம் உள்ளவர். நான் மூன்றாவது ஆள், மண்ணைப் பிளப்பதும் கழுவுவதும் என் வேலை.

பள்ளம் சொன்ன கதை அழகாக வந்தது. கறுப்புப் படைகளில் வண்டு நிறைய. வெளிறிய படைகளில் கொஞ்சம். மிகவும் வெளிறிய படைகளுக்குக் கிட்டப் போனால் ஒன்றுமே இல்லை. ஆக, மழைக் காலங்களில் யானைகள் அங்கே நின்றன, கொடிய வறட்சிகளில் வேறெங்கோ போய்விட்டன. சேர் அதை அப்படியே எழுதினார். படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த மிகவும் வெளிறிய இடங்களுக்குப் பக்கத்தில் மட்டும் அடிக்கடி ஒரு கலங்கல் துண்டு வரும். கறுப்பும் வெளுப்பும் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். படை என்று எதுவும் தெரியாது. எங்கள் தொழிலில் படை இல்லாத மண்ணுக்குக் காலம் இல்லை, காலம் இல்லாத மண் சாட்சி சொல்லாது. சேர் தலையைத் தூக்காமலே சொல்வார்: "முத்தையாவின்ர கை நடுங்கிப் போட்டுது. எறியும்." நான் கூடையில் எறிவேன். முத்தையா என்னை முறைப்பார்.

அப்புறம் ஒரு வறட்சி வந்தது. முப்பதுகளின் தொடக்கம். ஒரு பருவமழை பெயருக்குப் பெய்தது, அடுத்தது வரவே இல்லை. கண்டி வாவியே கரையை விட்டு இறங்கிக் கிடந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொடுத்த பீலிக் குழாய் முதலில் சொட்டியது, பிறகு நின்றுவிட்டது. ஊமைப் பள்ளத்தில் மட்டும் ஓர் ஆள் ஆழம் தோண்டினால் ஊற்று வந்தது. சில குடும்பங்களைப் பள்ளத்தின் விளிம்பில் குடிசை போட்டு இருத்தலாம் என்று தோட்டத்தில் யோசித்தார்கள். பெரிய கங்காணி எங்கள் சேரிடம் நேரே வந்து கேட்டார்.

"ஐயா, ஆதி காலத்துல அது யானை நின்ன எடம்னு நீங்க எழுதியிருக்கறதா துரை சொன்னாரு. குடும்பங்கள எறக்கலாமுங்களா?"

"நிண்டது மழைக் காலத்தில. வறட்சி நேரத்தில ஒண்டும் வந்ததில்ல. மண்ணைப் பாத்துத்தான் சொல்லுறன். பயப்பிடாம இறக்கும்."

கங்காணிக்கு அது போதுமாக இருந்தது. குடிசைகள் எழும்பின.

முதலில் இறங்கியவள் அந்தோணியம்மா. கைக்குழந்தைக்காரி. பீலி நின்றபின் தனக்குப் பால் வற்றிவிடும் என்று பயந்தவள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவள் பேசும்போது கணவர் சவரிமுத்து சும்மா சிரித்துக்கொண்டு நிற்பார். குடிசை வாசலில் குச்சியால் ஒரு சிலுவை நட்டு, இரண்டு ஆட்டையும் கட்டி, அவள் அங்கே ஒரு வீட்டையே உண்டாக்கிவிட்டாள். எங்களுக்கு வெறுந்தேநீர் போட்டுத் தருவாள். "இங்கிட்டு வந்தப்புறந்தான் புள்ள வயிறு நெறையக் குடிக்குது ஐயா" என்பாள். எனக்கு அவள்மேல் மதிப்பு இருந்தது. நாங்கள் சொன்ன சொல்லால் அவள் அங்கே இருக்கிறாள் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"வெடியக்கால இந்தப் பள்ளத்துலருந்து ஒரு வாட வருதுங்க. மாட்டுப் பட்டி வாட. இங்கிட்டு மாடே இல்லியே."

காய்கிற சேறு நாறத்தான் செய்யும் என்று நான் சொன்னேன்.

பள்ளம் வற்றியது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முன்பு கால் வைக்க முடியாத நடுப்பகுதிக்கு முதல் தடவையாகப் போய்க் குழாய் இறக்கினோம். வந்தது கலங்கல். "என்ன முத்தையாண்ணே, இன்னைக்கும் கை நடுங்கிருச்சா?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவர் குழாயின் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் போய் நின்றார்.

"வருசக் கணக்கா ஏங் கை மேலயே பழியப் போடுறீங்க. இன்னைக்கு நீங்க எறக்குங்க. ஒங்க கை நடுங்குதா இல்லையானு நானும் பாக்குறேன்."

வேறு வழியில்லை. நான் இறக்கினேன். திருகவே இல்லை. நேராக, உடம்புப் பாரத்தை மட்டும் கொடுத்து, ஊசி போடுகிற மாதிரி மெல்ல அழுத்தினேன். தூக்கிப் பிளந்தேன். அதே ஆழத்தில் அதே கலங்கல். கொஞ்சம் தள்ளி இன்னொன்று இறக்கினேன், அங்கேயும் அதே. முத்தையா பீடி பற்றவைத்தார். அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, அத்தோடு அவருக்கு விஷயம் முடிந்தது. எனக்கு அப்போதுதான் தொடங்கியது.

கலங்கல் துண்டை அன்றுதான் முதல் தடவையாகக் கூடைக்கு அனுப்பாமல் முழங்கால்மேல் வைத்துப் பார்த்தேன். அதன் அடியில் கறுப்புச் சேறு கீழேயிருந்த வெளிறிய படைக்குள், முளை அடித்த மாதிரி, கட்டையாக இறங்கியிருந்தது. மேலேயிருந்து ஏதோ ஒரு பாரம் அழுத்தி உள்ளே தள்ளியிருந்தது. அதற்குள் ஓர் இலை. அந்த இலை நின்றுகொண்டிருந்தது. நீங்கள் எத்தனை குழாய் பிளந்திருப்பீர்கள், இலை நின்று பார்த்திருக்கிறீர்களா? விழுந்த இலை படுத்துத்தான் கிடக்கும். இதை யாரோ நட்டுக்குத்தாக மிதித்து இறக்கியிருந்தார்கள். பச்சையாக நின்றது, என் கண்முன்னே கறுத்தது.

வறட்சியில் யானை வராமல் இருக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இருந்த அத்தனை யானையும் வந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் வற்றியபின் தண்ணீர் இருந்த ஒரே இடம் இதுதான். வந்து தோண்டி, மிதித்து, படைகளைப் பிசைந்து, வண்டு ஓடுகளையும் அரைத்துத் தூளாக்கிவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் ஒன்றுமில்லை என்று படித்த இடம்தான் நிறைந்து வழிந்த இடம். அதன் சாட்சியை நாங்கள் கூடை கூடையாகக் கொட்டியிருந்தோம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். குடிசைகளில் அடுப்புப் புகை. அந்தோணியம்மா ஏதோ பாடிக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, பாட்டுக் கேட்கவில்லை.

அன்றே பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனேன். சேர் கதிரையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் அவரிடம் கற்ற நல்ல பழக்கம் அது ஒன்று.

"ஓம், நீர் சொல்லுறது விளங்குது. நீர் யானையைக் கண்டனீரோ?"

"இல்ல சேர்."

"அப்ப லத்தி? ஒரு வண்டு ஓடாவது?"

"இல்ல சேர். இல்லாததத்தான் நான் சொல்ல வர்றேன்."

"தம்பி, அந்தச் சனத்தை மேல ஏத்தினா அதுகள் தண்ணிக்கு எங்க போகும்? பால்குடிப் பிள்ளை ஒண்டு இருக்கு எண்டு நீரே சொல்லுறீர். தாகம் நிச்சயம். யானை உத்தேசம். நிச்சயத்தை விட்டுட்டு உத்தேசத்துக்குப் பயப்பிடச் சொல்லுறீரோ?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. முட்டாளோடு சண்டை பிடிக்கலாம், நியாயம் பேசுகிறவரோடு என்ன செய்வது? நான் எழும்பினேன். "கங்காணிய நானே பாத்துக்கலாமா சேர்?" என்றேன். "பாரும். ஆனா என்ர பேரைச் சொல்லாதையும்" என்றார்.

கங்காணி தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார். "சனம் சம்மதிச்சா ஏறட்டும். மேல கொக்கோ ஸ்டோர் காலியாத்தான் கெடக்கு" என்றார். சனம் என்றால் அந்தோணியம்மா. அவள் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள், அவள் இருந்தால் இருப்பார்கள்.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யானைய பாத்தீங்களா ஐயா?"

"இல்ல."

"அடியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க?"

"மண்ணுக்குள்ள."

"எப்ப போன யானைங்க அது?"

"நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் பொறக்கறதுக்கு முந்தி."

அவள் சிரித்துவிட்டாள். சவரிமுத்துவும் சிரித்தார். "பூட்டன் காலத்து யானைக்குப் பயந்து, புள்ளையத் தூக்கிக்கிட்டு, தண்ணியில்லாத மேட்டுக்கு ஏறச் சொல்றீங்களே, இது ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள். எனக்கே நன்றாக இல்லை.

முத்தையாவைக் கூப்பிட்டேன். குடிசை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், அவள் பார்க்க, குழாயை இறக்கினோம். கலங்கல் வந்தது. அதை அவள் முன்னால் வைத்துப் பிளந்தேன். உள்ளே ஓர் இலை, பச்சையாக, நட்டுக்குத்தாக. அதை மெல்ல எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் கையிலேயே அது கறுத்தது. அவள் அதை உதறக்கூட இல்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, மற்றக் கையால் சிலுவை போட்டாள்.

"இது இன்னும் உசுரோட இருக்கு" என்றாள் மெதுவாக. இலையைச் சொன்னாளா பள்ளத்தைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குடிசைகள் காலியாகின.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இலை நின்றது சாட்சி. இலை கறுத்தது சாட்சி இல்லை. எந்தச் சேற்றிலும் எந்த இலையும் கறுக்கும். அவளை ஏற்றியது சாட்சி இல்லாத அந்தக் கறுப்புத்தான், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே இடத்தில் நின்றால் அதையேதான் செய்வேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. சேருக்கும் பிடிக்கவில்லை. கேள்விப்பட்டதும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டு, "நீர் செய்யிறது விஞ்ஞானமோ, மந்திரமோ?" என்று கேட்டார்.

யானை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொக்கோ ஸ்டோருக்குள் சனம் வெந்தது. பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாக மேட்டுக்குச் சுமந்தார்கள். அந்த ஏற்றத்தில் சவரிமுத்து வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். நான் போகும்போதெல்லாம் பேச்சு நின்றது. யாரும் தேநீர் தரவில்லை. குழந்தை சதா அழுதது. அழுகையைக் கேட்கும்போதெல்லாம் சேர் சொன்னது காதில் விழுந்தது: தாகம் நிச்சயம், யானை உத்தேசம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ஒரு யானையாவது வந்துவிடக் கூடாதா என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் அந்தோணியம்மா நேராக என் முகத்துக்குச் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளன நாங்க எறங்குறோம் ஐயா. இனி ஒங்க எலயக் காட்டாதீங்க."

மறுநாள் விடிந்ததும் நானும் போனேன். கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்ற எண்ணம். மற்றவர்கள் மூட்டை கட்டுவதற்குள் அவள் புறப்பட்டுவிட்டாள்; இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, ஒரு கையில் ஆட்டுக் கயிறு. நான் கெஞ்சிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன், அவள் கேட்காமலே நடந்தாள். பள்ளம் தெரிவதற்கு ஒரு வளைவு இருக்கும்போது ஆடுகள் நின்றன. இழுத்தாள், வரவில்லை. திட்டினாள், ஒரு அடி பின்னால் போயின. கத்தவும் இல்லை. காதை முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன.

அப்போது வாடை வந்தது. அவள் சொன்ன அதே மாட்டுப் பட்டி வாடை, பல மடங்கு. அவள் என்னைப் பார்த்தாள். கயிற்றை ஒரு செடியில் சுற்றிவிட்டு இருவரும் வளைவு திரும்பினோம்.

குடிசைகள் இருந்த இடம் எதுவென்று தெரியவில்லை. ஓலையும் கம்பும் சேற்றோடு சேறாக உள்ளே போயிருந்தன. பள்ளம் முழுவதும், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை, பிசைந்து கிடந்தது. கறுப்பும் வெளுப்பும் கலந்த அதே மாவு. எவ்வளவு பெரிய கூட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. எண்ணுவதற்கு ஓர் அடிகூடத் தனியாக இல்லை, ஒன்றன்மேல் ஒன்று. குழியான இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறி, காலை வெளிச்சம் அதில் அசைந்தது. இன்னும் தெளியாத தண்ணீர்.

மேலே ஸ்டோரில் அத்தனை பேர் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு கம்பு முறிகிற சத்தம்கூட.

"எப்ப வந்துச்சுங்க?" என்று அவள் கேட்டாள். குரல் வரவில்லை, வாய்தான் அசைந்தது.

நாலாவது பக்கத்துக் காட்டில், காற்றே இல்லாத அந்த நேரத்தில், ஒரு மரத்தின் கிளை மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்தபடியே நின்றது. பிறகு நிமிர்ந்தது. அந்தோணியம்மா குழந்தையின் வாயைப் பொத்தவில்லை, தன் மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். அது அழாமல் குடித்தது. அப்படியே, பள்ளத்துக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே அடி வைத்து வளைவுவரை வந்தோம். அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

அன்று மத்தியானம் சேர் வந்தார். காட்டை நோட்டம் பார்க்க ஆட்களை நிறுத்திவிட்டு, சேற்றுக்குள் இறங்கினார். முழங்கால்வரை புதைந்தார். அந்த வெள்ளைக் கால்சட்டையில் முதல் தடவையாகக் கறை பார்த்தேன். குடிசைகள் இருந்த இடத்தில் குனிந்து எதையோ தேடினார். குச்சிச் சிலுவையின் ஒரு துண்டு அகப்பட்டது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்து அந்தோணியம்மாவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கரையேறியபின் முத்தையாவைத் தேடிப் போய் அவர் முன்னால் நின்றார்.

"முத்தையா, உம்மட கையில பிழை இல்ல. ஒரு நாளும் இருக்கேல்ல."

மூக்கின்மேல் கோபம் வைத்திருந்த அந்த மனிதர் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

மழை திரும்பி, பள்ளம் நிறைந்து, சேறு படிந்தபின் ஒரு தடவை அங்கே போய்க் குழாய் இறக்கினேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். மேலே நயமான புதுச் சேறு. அதன் கீழே கலங்கல். அதற்குள் ஒரு தகரக் கோப்பையின் பிடி, நான் தேநீர் குடித்த கோப்பை. கழுவினேன், சலித்தேன். ஒரு வண்டு ஓடுகூட இல்லை. நான் என் கண்ணால் பார்த்த அந்தக் காலையின் மண்ணில் யானை இல்லை. எத்தனையோ காலம் கழித்து உங்களைப்போல ஒருவர் அதைப் பிளந்தால், வறட்சி இருந்தது, மனிதர் இருந்தனர், யானை வரவில்லை என்று சுத்தமாக எழுதிவிட்டுத் துண்டைக் கூடையில் போடுவார்.

இனி என் திருட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூடையிலிருந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள், யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் மேசைமேல் வைத்துப் பிளந்தேன். அடியில் கறுப்புச் சேறு வெளிறிய படைக்குள் கட்டையாக இறங்கியிருக்கிறது. அதற்குள் ஓர் இலை நின்றது. பச்சையாகத்தான் நின்றது.

இந்த வருடமும் மழை சரியில்லை என்று பேப்பரில் போடுகிறார்கள். அது எந்தப் பள்ளத்து மண் என்று எனக்கு உடனே எழுதுங்கள். அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதையும்.